மேசையின் எதிர்ப்பக்கம்

மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றப் போன முத்தலிப்பை மகள் சஹ்லா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இது பள்ளிவாசல் இல்ல வாப்பா. போட்டுட்டே வாங்க."

கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற மண்டபம் அது. கல்முனையில் படங்களை மாட்டிவைத்துக் காட்டுவதற்கென்று தனியான இடம் எதுவும் இல்லை. ஒலுவில் கம்பஸில் விரிவுரையாளராக இருக்கும் முர்ஷித் பல நாள் அலைந்து திரிந்து கடைசியில் இதைப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை உட்காரும் சோடனை நாற்காலியைத் துணியால் மூடி மேடையின் மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். மற்ற எல்லாச் சுவர்களிலும் படங்கள். முத்தலிப்பும் அவருடைய மனைவி ஸம்ஸியாவும் முப்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்து கீறிய படங்கள். ஸம்ஸியா மௌத்தாகி அவர் தனியாளாகி, போன நோன்பு மாதத்தோடு ஒரு வருஷம் முடிந்திருந்தது. நாளைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கண்காட்சித் திறப்பு.

முத்தலிப் முதல் படத்தின் முன்னால் போய் நின்றார்.

கீழே மணலில் ஒரு தோணி. அதற்கப்பால் கடல். கடலுக்கப்பால் வானம். இவ்வளவும் அவர் கீறியது, நேராக நின்றது. வானத்துக்கு மேலே தென்னை மரங்கள் தலைகீழாக இறங்கிவந்தன. அவற்றுக்கு மேலே கூரைகள், வேலி, கிணறு. எல்லாவற்றுக்கும் மேலே, சட்டத்தின் விளிம்போடு ஒட்டி, ஸம்ஸியா கீறிய ஒரு குசினி. அதன் அடுப்பில் நெருப்பு கீழ்நோக்கி எரிந்துகொண்டிருந்தது.

அவர் தலையைச் சரித்துப் பார்த்தார். இன்னும் சரித்தார். எவ்வளவு சரித்தாலும் அடுப்பு நிமிரவில்லை.

"கழுத்து நோகுதா வாப்பா?"

"இல்ல."

அடுத்த படத்துக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். ஒரு படத்தில் கோழியும் குஞ்சுகளும் கால்களை மேலே வைத்து மேய்ந்தன. இன்னொன்றில் கொடியில் காய்ந்த உடுப்புகள் மேல்நோக்கி நிமிர்ந்து நின்றன. சுவர் சுவராக நடந்து பார்த்தார். எல்லாவற்றிலும் அவருடைய பாதி காலூன்றி நின்றது. எல்லாவற்றிலும் அவளுடைய பாதி தொங்கியது. மேடைக்கு மேலே பெரிய எழுத்தில் பதாகை கட்டியிருந்தார்கள்: 'வானத்தில் தொங்கும் ஊர்'.

இதில் பிழை என்று முர்ஷித்தைச் சொல்ல முடியாது. இத்தனை காலமும் உலகம் இந்தப் படங்களை அப்படித்தான் பார்த்தது. பார்க்க விட்டவர்களும் அவர்கள் இரண்டு பேருந்தான்.

முத்தலிப் சாய்ந்தமருதில் பிறந்தவர், சித்திர ஆசிரியர். கல்யாணம் முடித்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி மருதமுனையில் பெண் வீட்டுக்குக் குடிவந்தார். ஸம்ஸியாவின் வாப்பாவுக்குத் தறிகள் இருந்தன. சாரிக் கரைக்கான பூ வேலைகளைக் கட்டம் போட்ட தாளில் கீறிக் கொடுப்பது ஸம்ஸியாவின் பொறுப்பு. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு மேசை. ஊரடங்கும் மின்வெட்டுமாகப் போன அந்த யுத்த காலத்தில், பொழுது பட்டு மஃரிப் தொழுதுவிட்டு வந்தால் மேசையின் நடுவில் ஓர் அரிக்கன் லாம்பு எரியும். இந்தப் பக்கம் அவர் எதையாவது கீறிக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் அவள் தன் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருப்பாள்.

அப்போது தாளுக்குப் பெரிய தட்டுப்பாடு. பாதை மூடினால் கொழும்பிலிருந்து ஒன்றும் வராது. கண்டியில் படிப்பித்த நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த தடித்த பெரிய தாள் ஒன்று முத்தலிப்பிடம் இருந்தது. அதைத் தினமும் விரிப்பார், தடவிப் பார்ப்பார், சுருட்டி வைப்பார். ஒரு கோடு போடக் கை வராது.

"பாத்துக்கிட்டே இரிந்தா தாள் மக்கிப்போகும். கீறுங்க" என்றாள் ஸம்ஸியா ஒரு நாள்.

"பிழைச்சா வேற தாள் இல்ல."

"அப்ப பாதியில கீறுங்க. மத்தப் பாதி எனக்கு."

"நீ என்னத்தைக் கீறப் போறாய்?"

"அது ஏன் உங்களுக்கு? உங்கட பக்கத்தை நீங்க பாருங்க. என்ட பக்கத்தை நான் பாக்குறன்."

அப்படித்தான் தொடங்கியது. தாளைத் திருப்புவதில்லை என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் திருப்பவில்லை. அவர் தன் முன்னால் கரையைக் கீறினார், அதற்கப்பால் கடலைக் கீறினார். அவள் தன் முன்னால் ஒரு வளவைக் கீறினாள். கிணறு, குசினி, வேலி, அதற்கப்பால் தென்னைகள். இரண்டு பேரும் நடுவுக்கு வந்தபோது அங்கே மிஞ்சியது வானம் மட்டுந்தான். அதை இரண்டு தூரிகைகளாலும் சேர்ந்து நிரப்பினார்கள். அவருடைய நீலம் வெளிறிப் போனது என்று அவள் சொன்னாள். அவளுடைய நீலத்தில் சாரி நெய்யலாம் என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் கீறினார்கள். வானத்துக்கு வரும்போது சண்டை வராத படம் கிடையாது.

படத்தில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். முகம் கீறுவது ஸம்ஸியாவுக்குப் பிடிக்காது. அவரும் நாளடைவில் விட்டுவிட்டார். "ஆள் இல்லாட்டியும் ஆள் இரிக்கிறது விளங்கணும்" என்பாள். அவள் கீறிய குசினியைப் பார்த்தால், இப்போதுதான் யாரோ அகப்பையை வைத்துவிட்டு வெளியே போனது போலிருக்கும்.

முதல் தடவை அந்தப் படங்களை வெளியே காட்டியது ஓர் ஆசிரியர் விழாவில். மாட்டியவர்கள் கடல் உள்ள பக்கத்தைக் கீழே வைத்து மாட்டிவிட்டார்கள். கடல் கீழேதானே இருக்கும். பிரதம விருந்தாளியாக வந்த அதிகாரி ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்றார். பிறகு மேடையேறி, "இந்தக் காலத்துல நம்மட ஊரே தலைகீழாத்தானே தொங்குது? அதைத் துணிஞ்சி கீறிட்டாங்க இந்தத் தம்பதி" என்றார். கைதட்டல் அடங்கவில்லை. உண்மையைச் சொல்ல முத்தலிப் வாயைத் திறந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஸம்ஸியா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். முக்காட்டின் நுனியைப் பல்லுக்குள் வைத்துக் கடித்திருந்தாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"சொல்லியிரிக்கலாம்" என்றார் அவர், சைக்கிளில் திரும்பி வரும்போது.

"அந்த மனிசன் எவ்வளவு சந்தோசமாப் போறார். கெடுக்கிறதா? நமக்குத் தெரியும்தானே."

அன்றிலிருந்து அது அவர்களுக்குள் பெரிய பகிடி. சோறு அடிப்பிடித்தாலும் கூரை ஒழுகினாலும் "நம்மட ஊர் தொங்குது" என்பாள். பத்திரிகைகளில் எழுதினார்கள். கொழும்பிலிருந்து வந்து பேட்டி கண்டார்கள். யுத்தம் வீட்டுக்குள் புகுந்ததன் அடையாளம் என்றார் ஒருவர். நாடிழந்த கனவு என்றார் மற்றவர். அவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன பிறகு, மேசையின் இரு பக்கமும் இருந்து இவர்கள் சிரிப்பார்கள்.

பிறகு சுனாமி வந்தது. அவர்களுடைய வீடு பெரிய தெருவுக்கு மேற்கே. தண்ணீர் வளவு வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. கிழக்கே, கடலோரத்து மருதமுனை இல்லாமற் போனது. ஊர் புரளப் போவதை இந்தத் தம்பதி முன்கூட்டியே கண்டு கீறியிருக்கிறார்கள் என்று அந்த நாட்களில் யாரோ எழுதினார். அதைப் படித்துவிட்டு ஸம்ஸியா சிரிக்கவில்லை. கனகாலம் மேசைக்கு வரவே இல்லை. திரும்பவும் வந்து உட்கார்ந்தபோது பழையபடி கிணற்றையும் வேலியையும் கீறத் தொடங்கினாள்.

"இன்னும் அதேதானா?" என்று அவர் கேட்டார்.

"இன்னும் முடியல்ல" என்றாள்.

அவர் விட்டுவிட்டார்.

போன மாதம் முர்ஷித் வந்து படங்களைத் தரையில் பரப்பிவைத்து 'தலைகீழ்' பற்றிப் பேசியபோது, முத்தலிப்புக்குப் பழைய சிரிப்புத் தொண்டை வரைக்கும் வந்தது. பழக்கத்தில் எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே கதிரை மட்டும் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் படங்களைக் கொடுத்தனுப்பினார். அவள் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள் என்று நினைத்தார். இப்போது இந்த மண்டபத்தில் அவளுடைய அடுப்புகளும் கிணறுகளும் சுவர் முழுக்கத் தொங்குவதைக் காணும்போது, தனியாளாகச் சிரிக்க அவருக்கு வரவில்லை. நாளைக்கு ஊரே வரப் போகிறது. ஸம்ஸியாவின் பெயரில் நடக்கிற கடைசிக் கூட்டமாகவும் அது இருக்கலாம். வருகிறவர்களில் ஒருவர்கூட அவள் கீறியதைப் பார்க்கப் போவதில்லை.

முர்ஷித் வேகமாக வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில், அவர் எழுதி அச்சகத்திலிருந்து வந்த கண்காட்சிப் புத்தகக் கட்டு.

"எப்படி சேர்? வெளிச்சம் சரியா விழுதா?"

"வெளிச்சம் நல்லாரிக்கி தம்பி. ஸம்ஸியாதான் தலைகீழா நிக்கிறா."

முர்ஷித்தின் முகம் மலர்ந்தது. "அதைத்தான் சேர் நானும் எழுதியிரிக்கன். குசினி, கிணறு, பெண்ட உலகம், எல்லாத்தையும் யுத்தம் புரட்டிப் போட்டுட்டுது எண்டு..."

"யுத்தம் இல்ல தம்பி. மேசை."

"மேசையா?"

"நான் இஞ்சால இரிந்தன். அவ அங்கால இரிந்தா."

முர்ஷித் அவரைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த கட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஓம் சேர்" என்றாள் சஹ்லா. "சின்னப் புள்ளையில நான் மேசைட தலைமாட்டுல இரிந்து பாடம் எழுதுவன். எனக்கு ரெண்டு பாதியும் படுத்துக் கிடக்கிற மாதிரித்தான் தெரியும். எல்லார்ட வீட்டுப் படமும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டு இரிந்தன்."

"ஏன் சேர் ஒரு வார்த்தை சொல்லல்ல? இதை வெச்சி நான் கொழும்பு வரைக்கும் போய்க் கதைச்சிரிக்கன்" என்றார் முர்ஷித், முத்தலிப்பைப் பார்த்து.

"நல்லாத்தான் கதைச்சிரிக்கீங்க. வாசிச்சிட்டு எனக்கே நம்பலாம் போல இரிந்திச்சி."

முர்ஷித் நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்தார். கெட்டிக்காரர், சீக்கிரம் ஒரு வழி கண்டுபிடித்தார். "அப்ப பாதிப் படத்தைத் திருப்பி மாட்டுவம் சேர். அந்தப் படங்கள்ல மேடம் நேரா நிப்பாங்க."

"நான் தொங்குவன்."

"ஓம். ஒரு சமத்துவம்தானே."

"அவ வந்து கேப்பா, நீங்க ஏன் வௌவால் மாதிரித் தொங்குறீங்க எண்டு."

சஹ்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முர்ஷித் சிரிக்கவில்லை. "அப்ப என்ன சேர் செய்யிறது? படம் எண்டா சுவருலதானே. நிலத்துல போடவா சொல்றீங்க?"

முத்தலிப் சுற்றிலும் பார்த்தார். சமையலறைப் பக்கத்துக் கதவோரம், கல்யாணச் சாப்பாட்டுக்கான பெரிய சஹன் தட்டுகள் கழுவிக் கவிழ்த்து அடுக்கப்பட்டிருந்தன. அவர் அங்கே கையைக் காட்டினார்.

"தம்பி, கல்யாண வீட்டுல சஹன்ல சாப்பிட்டிரிக்கீங்கதானே?"

"இதென்ன கேள்வி சேர். போன கிழமையும்."

"எப்படிச் சாப்பிட்டீங்க?"

"சுத்தி இரிந்து."

"யாருட பக்கத்தால?"

"அவங்கவங்கட பக்கத்தால. மத்தவங்கட பக்கத்துல கை போடுறல்லதானே."

"அந்தச் சஹனைச் சோத்தோட தூக்கிச் சுவருல மாட்டச் சொன்னா, எந்தப் பக்கத்தை மேல வெப்பீங்க?"

முர்ஷித் எழுந்து முதல் படத்தின் அருகே போய் அதைச் சுவரிலிருந்து கழற்றினார். இரண்டு கையாலும் கிடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, படத்தை அசைக்காமல், சஹ்லாவின் கையில் கொடுத்துவிட்டு அவளைச் சுற்றி மறுபக்கம் வந்தார். குனிந்து பார்த்தார். அடுப்பு நிமிர்ந்து எரிந்தது.

"யா அல்லாஹ்" என்றார் மெதுவாக. "இஞ்ச ஒரு பூனை இரிக்கி. இவ்வளவு நாளும் நான் இதைப் புகை எண்டு எழுதியிரிக்கன்."

அதற்குப் பிறகு அவர் கட்டுரையைப் பற்றிப் பேசவில்லை. மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசைகள் எங்கே என்று கேட்டார்.

படங்களுக்குச் சட்டம் போட்டவர் பாண்டிருப்புச் செல்லத்தம்பி. முத்தலிப்பின் வயதுதான்; பள்ளிக்கூடத்துக் காலம் தொட்டுப் பழக்கம் என்றாலும் ஊரைப் போல 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். தகவல் போய், ஸ்கூட்டரில் திருகாணிப் பையோடு வந்திறங்கினார். கொளுக்கிகள் இருந்தால் சட்டம் மேசையில் சமமாக உட்காராது, எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் என்று கேட்டதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"கொளுக்கி அடிக்கக்குள்ளயே கேட்டனே சேர், எது மேல்பக்கம் எண்டு. நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டும் எண்டன்."

"ஓம். ரெண்டும் எண்டீங்க. பொஞ்சாதி போன கவலையில மனிசனுக்கு மூளை பிசகிட்டுது எண்டு நினைச்சிக்கிட்டு நானே ஒரு பக்கத்துல அடிச்சன். இப்ப பாத்தா மூளை பிசகினது எனக்கு."

"உனக்கு அது எப்பயோ பிசகினது" என்றார் முத்தலிப்.

கிடையாக வைத்தபோது டியூப் லைட்டுகள் கண்ணாடியில் விழுந்து படத்தை மறைத்தன. செல்லத்தம்பி கண்ணாடிகளையும் கழற்றினார். படத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி கொண்டுவரக் கூடாது, வெளி விறாந்தையில்தான் என்று முர்ஷித் கட்டளை போட்டார். ஒடுக்கமான மேசைகளாகத் தேடி எடுத்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நடக்க இடம்விட்டு வரிசையாகப் போட்டார்கள். சஹ்லா வெள்ளைத் துணி விரித்தாள். பதாகையை என்ன செய்வது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். கடைசியில் அதைக் கழற்றி மாப்பிள்ளை நாற்காலியின் மேல் போட்டார்கள்.

மறுநாள் அஸர் முடிந்து ஆட்கள் வந்தார்கள். நினைத்ததைவிட அதிகம். பழைய மாணவர்கள், தறிக்காரர்கள், கம்பஸ் பிள்ளைகள், பேர் தெரியாத எத்தனையோ பேர். முர்ஷித் நீண்ட பேச்சு எதுவும் பேசவில்லை. "ஒரே மேசையில எதிரும் புதிருமா இரிந்து கீறின படங்கள். ரெண்டு பக்கத்தாலயும் போய்ப் பாருங்க" என்று சொல்லி இறங்கிவிட்டார்.

ஆண்கள் வாசல் பக்கமாக நின்றார்கள். அது முத்தலிப்பின் பக்கம். தோணியையும் வலையையும் பார்த்துத் தலையாட்டினார்கள். "இது ஒலுவில் கரை, கடல் தின்றதுக்கு முந்தி" என்று ஒருவர் மற்றவருக்குக் காட்டினார். பெண்கள் வழக்கம்போல் ஒதுங்கி மறுபக்கம் போனார்கள். அது ஸம்ஸியாவின் பக்கம். ஆனால் அவர்கள் சும்மா நின்றார்கள். கைகளைக் கட்டிக்கொண்டு, மரியாதைக்கு ஒரு பார்வை பார்த்து, அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள். யன்னலோரம் உட்கார்ந்திருந்த முத்தலிப் கதிரை நுனிக்கு நகர்ந்தார். நிமிர்த்தி வைத்தும் ஆகவில்லையோ என்று நினைத்தார். ஒரு குசினி, ஒரு கிணறு. பார்க்கிறதுக்கு என்ன இருக்கிறது? அவருக்கும் அவை அழகாகக் கீறிய ஒரு குசினியும் ஒரு கிணறுந்தான்.

அப்போது ஒருத்தி குனிந்தாள். ஐம்பதைத் தாண்டிய பெண். அவள் பெயர் முனவ்வறா என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. கடலோரத்தில் இருந்தவள், சுனாமிக்குப் பிறகு வயல் பக்கத்து வீட்டுத்திட்டத்துக்குப் போனவள்.

"இது எங்கட குசினி" என்றாள்.

"எல்லார்ட குசினியும் இப்பிடித்தான்" என்றாள் கூட வந்த மச்சி.

"இல்லடி. யன்னலைப் பாரு. நடுக்கம்பி இல்ல. உம்மா கதவுத் திறப்பைத் தொலைச்ச அண்டைக்கு வாப்பா உடைச்சது. நானும் தம்பியும் அதுக்குள்ளாலதான் பூந்து விளையாடுவம்."

மச்சி குனிந்தாள். இன்னும் இரண்டு பேர் குனிந்தார்கள்.

"அப்ப இந்தப் பக்கத்துல தெரியிற கிணறு ஸைனத்து மாமிடதானே? கட்டுல சிப்பி பதிச்சிரிக்கி."

"ஓம். மாமி வாளியை இப்பிடித்தான் கவுத்து வெப்பா. தவளை பூந்திடும் எண்டு."

"இந்தா வேலியில கடப்பு. இந்தக் கடப்பால பூந்தா அங்கால தறிக்கார மரியங்கண்டுட வளவு."

"அது எங்க?"

"தேடுங்க. இரிக்கும்."

பெண்கள் மேசை மேசையாகப் போனார்கள். மூலையிலிருந்த மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "இந்தா இரிக்கி." மரியங்கண்டின் வளவிலிருந்து இன்னொரு கடப்பு, அதற்கப்பால் இன்னொரு வளவு. கைகட்டி நின்றவர்கள் விரலை நீட்டிப் பேசத் தொடங்கினார்கள். இது யாருடைய ஆட்டுக்கொட்டில், அது யாருடைய முருங்கை. இல்லை, முருங்கை அந்தப் பக்கம். இல்லவே இல்லை, நான் அதில் ஏறி விழுந்து கை முறித்தவள், எனக்குத் தெரியாதா.

முத்தலிப் எழுந்து வந்தார். அந்தப் பக்கத்துக்குப் போகச் சற்றுத் தயங்கிவிட்டு, மேசைத் தலைப்பில் நின்றார்.

"புள்ள, இதெல்லாம் மெய்யா இரிந்த இடமா?"

முனவ்வறா அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கதானே மாமா கூட இரிந்து கீறின?"

"அது அவட பக்கம். நான் கேக்கல்ல."

"கேட்டாலும் உங்களுக்கு எங்க தெரியப் போகுது. நீங்க ஆம்புளைகள் ரோட்டால வருவீங்க, முன்கதவுல நிப்பீங்க. நாங்க பின்வளவால. ஸம்ஸியா ராத்தா தறி வீடுகளுக்குப் பூத்தாள் கொண்டு வருவா. உங்கட வீட்டுக் குறுக்குப் பாதையால இறங்கிப் பெரிய தெருவைக் கடந்தாவெண்டா, பிறகு கடற்கரை வரைக்கும் ரோட்டுல கால் வெக்க மாட்டா. வளவுக்கு வளவு கடப்பால பூந்துதான் வருவா. ஒவ்வொரு குசினியிலயும் ஒரு வாய் தேத்தண்ணி."

'இன்னும் முடியல்ல' என்று மேசையில் அவள் அன்றைக்குச் சொன்னது எதை என்று முத்தலிப்புக்கு இப்போதுதான் விளங்கியது. அவர் கடலைக் கீறிக்கொண்டிருந்த அத்தனை மாலைகளிலும், லாம்புக்கு அந்தப் பக்கம் அவள் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீர் வந்து எல்லாவற்றையும் கொண்டுபோன பிறகும் விட்ட இடத்திலிருந்து போயிருக்கிறாள். ஒரு தாள் அகலத்துக்கு அப்பால் அவர் உட்கார்ந்திருந்தார்.

பெண்களுக்கு இப்போது பொறுமை போய்விட்டது. படங்கள் ஒழுங்கில் இல்லை என்றார்கள். ஸைனத்து மாமியின் கிணறு அந்த மேசைக்கு அடுத்துத்தான் வரவேண்டும், மரியங்கண்டு இங்கே. ஆண்களைக் கூப்பிட்டு மேசைகளைத் தூக்கச் சொன்னார்கள். திறப்புக்கு வந்திருந்த பிரதம விருந்தாளி எழுந்து தன் கதிரையைத் தானே தள்ளிக்கொண்டு இடம் விட்டார். கடலையும் தோணியையும் பார்த்துக்கொண்டிருந்த ஆண்கள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்த்தார்கள். "எங்கட வீடு இரிக்கா?" என்று ஒருவர் கேட்டார். "உங்கட வீட்டுப் பின்பக்கம் உங்களுக்கு எங்க தெரியும், உம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்று பதில் வந்தது. கேட்டவருக்கு உம்மா இல்லை என்பது சொன்னவளுக்குச் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அவரே கொஞ்சம் கழித்து, "காட்டுங்க ராத்தா, நான் பாக்குறன்" என்றார். அவள் இடம் விட்டு நகர்ந்தாள்.

வளவுகள் கடலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. ஒரு மேசையில் வந்து நின்றன. அதற்கப்பால் படம் இல்லை. கடலுக்கு மிகக் கிட்ட இருந்தவள் ஒருத்தி, இளைத்த உடம்பு, கடைசி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கட வளவு வரல்ல."

"ராத்தாக்கு வயசு போயிட்டுதானே" என்றாள் முனவ்வறா.

முத்தலிப் மகளைத் தேடினார். சஹ்லா அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள்.

"வீட்டுல இன்னும் கொஞ்சம் தாள் இரிக்கி" என்றார். "அலுமாரிக்கு மேல. துணியில சுத்தி."

"அது முடியாத படம்தானே வாப்பா? வேணாம் எண்டு நீங்கதான் சொன்னீங்க."

அது உண்மை. கடைசி வருஷங்களில் அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கடல்கோடு நேராக வரவில்லை. அவர் தூரிகையை வைத்துவிட்டார். ஸம்ஸியா மட்டும் எதிரே உட்கார்ந்து கீறினாள். அவர் பக்கத்துப் பாதி வெறுமையாகவே இருக்கும். "உங்கட பக்கத்தை விட்டு வெச்சிரிக்கன். கை சரியாகினா கீறுங்க" என்பாள். கை சரியாகவில்லை. வானமும் இல்லாத, ஒரு பக்கம் வெள்ளையாகக் கிடக்கிற அந்தத் தாள்களை யாருக்குக் காட்டுவது என்றுதான் முர்ஷித்திடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்.

"கொண்டு வா" என்றார்.

சஹ்லா ஆட்டோவில் போய் வருவதற்குள் மஃரிப் நேரம் கிட்டிவிட்டது. யாரும் போகவில்லை. செல்லத்தம்பி இன்னொரு மேசையைக் கொண்டுவந்து வரிசையின் முடிவில் போட்டார். சட்டமில்லாத தாள்கள், ஓரம் சுருண்டு எழும்பின. முர்ஷித் தன் புத்தகக் கட்டைப் பிரித்து மூலைக்கு ஒன்றாகப் பாரம் வைத்தார். கடைசித் தாளை விரித்தபோது அந்த இளைத்த பெண் மேசைக்கு மேலே குனிந்தாள். வேலியில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சின்னச் சட்டைக்குப் பக்கத்தில், தாளில் படாமல், விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

வாசல் பக்கத்திலிருந்து வந்த ஆண்களுக்குத் தங்கள் பக்கம் வெள்ளைத் தாள் மட்டுந்தான் கிடைத்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக மேசையைச் சுற்றி ஸம்ஸியாவின் பக்கத்துக்கு வந்தார்கள். அங்கே இடம் போதவில்லை. நெருங்கியடித்தார்கள். எதற்கு முன்னால் எது, கடற்கரைப் பள்ளி எந்தத் திசை என்று ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னார்கள்.

முத்தலிப் எல்லாருக்கும் முன்னால் நின்றிருந்தார்.

"மாமா, கொஞ்சம் தள்ளுங்க" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "மறைக்கிறீங்க. ராத்தா கீறினது தெரியல்ல."

அவர் தள்ளி நின்றார். இன்னும் தள்ளச் சொன்னார்கள். இன்னும் தள்ளினார்.